எதுனாலும் சரி

எங்கள் வீட்டில் ரொம்ப நல்லவன் நான்தான். இதை வேறு யாரும் சொல்லி நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அவர்களுக்குச் சொல்லத் தெரியாது, பாவம்.

"இன்னைக்கு என்ன சட்னி அரைக்கட்டும்?" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தால் என் பதில், "எதுனாலும் சரி." தீபாவளிக்கு வேட்டி எடுக்கவா, பேன்ட் துணி எடுக்கவா? எதுனாலும் சரி. கரூர் தங்கை வீட்டுக்குக் காலையில் கிளம்பலாமா, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாமா? எதுனாலும் சரி. 22 வருஷ இல்லறத்தில் இன்னது வேண்டும் என்று நான் வாய் திறந்து கேட்டதில்லை. ஒருநாள் நான் போய்ச் சேர்ந்து, பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் வடையைக் கடித்தபடி, "மனுஷன் தனக்குன்னு ஒண்ணு கேட்டதில்லப்பா" என்று பேசிக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் கனவு. அந்த வடையில் மிளகு கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். அதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தவனை அலுவலகத்தில் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சுற்றறிக்கையில் 'உணர்வுசார் நுண்ணறிவு' என்று போட்டிருந்தது. எங்கள் டெஸ்பாட்ச் கிளார்க் அதைப் படித்துவிட்டு வெளிறிப்போய், "நுண்ணறிவுப் பிரிவா சார்? யாரைப் பிடிக்க வர்றாங்க?" என்றார்.

வந்தவர் போலீஸ் இல்லை. கன்னத்தோரம் மைக் மாட்டிய ஓர் இளைஞர். புத்திசாலித்தனம் என்றால் கணக்கும் மொழியும் மட்டுமா, தன் மனசையும் அடுத்தவர் மனசையும் அறிந்து நடப்பதும் ஒரு புத்திசாலித்தனம்தானே என்று ஆரம்பித்தார். பீட்டர் சலோவி, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1990இல் இதற்கு ஓர் இலக்கணம் வகுத்துக் கட்டுரை எழுதினார்களாம். 1995இல் டேனியல் கோல்மன் அதே பெயரில் புத்தகம் போட்டு ஊரெல்லாம் பரப்பிவிட்டார். அந்த இரண்டு நண்பர்களுக்கும் யோசனை உதித்ததே சலோவி வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடித்தபடி பேசிக்கொண்டிருந்தபோதுதான் என்று சொல்வார்கள் என்றார்.

எனக்கு அடிவயிற்றைக் கலக்கியது. எங்கள் வீட்டிலும் போன வருஷம் பெயின்ட் அடித்தோம். பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன்.

பயிற்சியின் முடிவில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். 'மற்றவர் மனநிலையை முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்வேன்' என்பது போல 40 வாக்கியங்கள். 'எப்போதும்' என்றால் 5 மார்க், 'ஒருபோதும் இல்லை' என்றால் 1. டிக் அடிக்க வேண்டியவனும் நானே, கூட்டிப் போட வேண்டியவனும் நானே. 200க்கு 187 வந்தது. முழுசாகப் போட்டுக்கொண்டால் திமிர் பிடித்தவன் என்று நினைப்பார்களே என்று அடுத்தவர் மனம் அறிந்து 13 மார்க்கை நானே விட்டுக்கொடுத்திருந்தேன்.

தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, எல்லார் கண்ணிலும் படும்படி சாப்பாட்டு மேஜையில் தற்செயலாக வைத்தேன். மனைவி ரசச் சட்டியை அதன் மேல் வைக்கப் போய், எடுத்துப் பார்த்தாள்.

"யார் மார்க் போட்டது?"

"நானேதான்."

"அதான பார்த்தேன்" என்று சட்டியை அதன் மேலேயே வைத்தாள்.

கல்லூரியில் மனோதத்துவம் படிக்கும் மகளுக்கு இது போதுமானதாக இருந்தது. 1999இல் டேவிட் டன்னிங், ஜஸ்டின் க்ரூகர் என்ற இருவர் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களுக்குச் சில தேர்வுகள் வைத்தார்களாம். எழுதி முடித்தவர்களிடம், 'நூறு பேரில் நீ எத்தனை பேரை முந்தியிருப்பாய்?' என்றும் கேட்டார்களாம். உள்ளதிலேயே கடைசியாக வந்த கால்வாசிப் பேர் உண்மையில் முந்தியது சுமார் 12 பேரை. தாங்கள் முந்தியதாக நினைத்துக்கொண்டது 62 பேரை. ஒரு விஷயம் வராதவனுக்குத் தனக்கு வரவில்லை என்பதும் தெரிவதில்லை. இதனால்தானோ என்னவோ, மேயரும் சலோவியும் பிற்பாடு தாங்கள் தயாரித்த தேர்வில், 'உனக்குத் தெரியுமா?' என்று கேட்பதை விட்டுவிட்டு, முகப் படங்களைக் காட்டி, 'இதில் என்ன தெரிகிறது, சொல்' என்று கேட்டார்கள்.

"இன்னொண்ணு தெரியுமாப்பா? டன்னிங் வெச்ச டெஸ்ட்ல ஒண்ணு, எந்த ஜோக் சிரிப்பு வரவைக்கும்னு கண்டுபிடிக்கிறது" என்றாள் மகள்.

இந்தக் கட்டுரையை இந்த இடத்தோடு நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் பெயின்ட் கதை பாக்கி இருக்கிறது.

தங்கை மகள் கல்யாணத்துக்கு முன்னால் ஹாலுக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்று முடிவாயிற்று. பெயின்டர் வந்து, "என்ன கலர் சார்?" என்றார். நான் வழக்கம்போல, "எதுனாலும் சரி, வீட்ல கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விட்டேன். மனைவி நாலு நாள் அந்த ஷேடு கார்டோடு குடித்தனம் நடத்தினாள். காலை வெயிலில் ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தாள், ராத்திரி டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள். சோபா உறையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அம்மாவிடம் கேட்டாள், எதிர்வீட்டில் கேட்டாள். என்னிடம் மூன்று தடவை கொண்டுவந்து காட்டினாள். மூன்று தடவையும் நான், "உனக்குப் பிடிச்சா எனக்கும் பிடிச்ச மாதிரி" என்றேன். இதைவிட ஒரு புருஷன் என்ன சொல்ல முடியும்? கடைசியில் இளம் பிஸ்தா கலர் தேறியது.

பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, முதல் கோட்டும் முடிந்த அன்று சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்தேன். வாசலில் செருப்பை விட்டேன். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"ம்" என்றேன்.

அவ்வளவுதான். நன்றாக இல்லை என்று சொன்னேனா? மூச்! மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்பது நம் இலக்கணம். அந்த அரை மாத்திரையில் ஒருத்தியின் நாலு நாள் உழைப்பு உட்கார்ந்துவிட்டது. ஏணியிலிருந்த பெயின்டர் என் முகத்தைப் பார்த்தார், இறங்கி வந்தார், பிரஷ்ஷை டப்பாவில் வைத்தார். "அம்மா, ரெண்டாவது கோட் அடிக்கட்டுமா, நிறுத்தட்டுமா? சார் முகம் சரியில்லியே." அவர் எந்தப் பயிற்சிக்கும் போனவர் இல்லை.

"அடிங்க" என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போனாள். அடுத்த 11 நாள் எங்களுக்குள் பேச்சுவார்த்தை பத்தாவது படிக்கும் மகன் வழியாக நடந்தது. "டேய், காப்பி ஆறுதுன்னு சொல்லு." "டேய், தெரியும்னு சொல்லு." அவன் ஒரு கட்டத்தில் மெசேஜுக்கு ஒரு ரூபாய் என்று கட்டணம் அறிவித்தான். நண்பர்கள் இருவர் சுவருக்குப் பெயின்ட் அடித்தால் உலகத்துக்கு ஒரு கோட்பாடு கிடைக்கிறது. எங்கள் வீட்டில் அடித்ததில் மகனுக்கு 64 ரூபாய் கிடைத்தது.

ஜான் காட்மன் என்றொரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் இந்த 'ம்' விவகாரத்தையே தொழிலாகக் கொண்டவர். புதிதாகக் கல்யாணமானவர்களை வீடு மாதிரி அமைத்த ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்துக் கவனித்தார். ஒருவர், "அங்க பாரேன், படகு" என்கிறார். மற்றவர் தலையைத் திருப்புகிறாரா, பேப்பரிலேயே இருக்கிறாரா? ஆறு வருஷம் கழித்துப் பார்த்தால், சேர்ந்தே இருந்த தம்பதிகள் அந்த நாட்களில் நூற்றுக்கு 86 தடவை திரும்பியிருந்தார்கள். பிரிந்தவர்கள் திரும்பியது 33 தடவை. நம் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் மார்க்குக்கு இரண்டு குறைவு. நானும் அந்த எல்லைக் கோட்டில்தான் காலம் தள்ளுகிறேன் என்று நினைக்கிறேன். ஏதோ அம்மா இருப்பதால் மாடரேஷன் கிடைக்கிறது.

பயிற்சியில் கற்றதை வீட்டில் பிரயோகிக்காமல் விடுவேனா? தாமஸ் கார்டன் என்ற உளவியலாளர் சொன்ன ஒரு முறையை அந்த இளைஞர் விளக்கியிருந்தார். 'நீ இப்படி, நீ அப்படி' என்று விரலை நீட்டக் கூடாது. 'இது நடக்கும்போது எனக்கு இப்படி இருக்கிறது' என்று நம் பக்கம் நின்று சொல்ல வேண்டும். எதிராளிக்குக் காயம் படாது.

அம்மா சீரியல் பார்க்கும்போது டிவி சத்தம் உறையூரிலிருந்து மலைக்கோட்டை வரைக்கும் கேட்கும். இத்தனை நாளும், "அம்மா, சத்தத்தைக் குறை!" என்று கத்துவேன். அவள் இரண்டு புள்ளி குறைப்பாள். நான் நகர்ந்ததும் மூன்று புள்ளி கூட்டுவாள். யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. அன்று நான் அருகில் போய் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, டிவி சத்தமா இருக்கும்போது எனக்கு வருத்தமா இருக்கும்மா" என்றேன்.

அம்மா டிவியை அணைத்துவிட்டாள். என் முகத்தையே பார்த்தாள். "என்னடா ஆச்சு? ஆபீஸ்ல ஏதாவது பிரச்சனையா? கடன் கிடன் வாங்கியிருக்கியா?" என்றாள். பத்து நிமிஷத்தில் கரூருக்குப் போன் போயிற்று. "உங்கண்ணன் ரொம்ப வருத்தமா இருக்கேன்னு வாய்விட்டுச் சொல்றான்டி, என் கையைப் பிடிச்சுக்கிட்டு!" ராத்திரி எட்டரைக்குத் தங்கையும் மாப்பிள்ளையும் பஸ் பிடித்து வந்து இறங்கினார்கள். அவர்களுக்குத் தோசை வார்த்த மனைவி ஒவ்வொரு தோசையைப் போடும்போதும் என்னைப் பார்த்த பார்வைக்கு அந்தப் பயிற்சிக் கையேட்டில் பெயர் இல்லை.

பெயர் என்றதும் நினைவு வருகிறது. உணர்ச்சிக்குப் பெயர் வைத்தாலே அதன் வேகம் குறையும் என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். இதற்கு ஆதாரம் உண்டு. மேத்யூ லீபர்மன் என்பவரின் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், கோப முகத்தைப் பார்த்து 'கோபம்' என்று பெயர் சொல்லும்போதே மூளையில் அமிக்டலா என்ற பகுதியின் ஆட்டம் தணிவதைக் கண்டார்கள். மகனின் கணக்கு நோட்டைப் பார்த்தபோது நான் கண்ணை மூடி, நிதானமாக, "இப்போது எனக்கு எரிச்சல் வருகிறது" என்றேன். "எனக்கும்தான்ப்பா" என்றான் அவன், அதைவிட நிதானமாக. இரண்டு அமிக்டலாக்களும் தணிந்தன. கணக்கு மட்டும் தப்பாகவே இருந்தது.

பெயர் வைப்பதில் நாம் ஒன்றும் புதியவர்கள் அல்ல. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்று எண்ணி, ஒவ்வொன்றும் நான்கு வழியில் பிறக்கும் என்று கணக்கு வைத்திருக்கிறார். சிரிப்புக்கு அவர் சொல்லும் நான்கு மூலங்கள், பிறரை எள்ளுவது, இளமை, பேதைமை, மடமை. இளமை நீங்கலாக மற்ற மூன்றுக்கும் எங்கள் வீட்டில் கச்சாப்பொருள் சப்ளை நான்தான். வள்ளுவரோ 'குறிப்பறிதல்' என்று ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரம் வைத்தார். பொருட்பாலில் 71ஆவது, அரசனின் முகக்குறிப்பை அறிவது. காமத்துப்பாலில் 110ஆவது, காதலியின் கண் குறிப்பை அறிவது. பள்ளிக்கூடத்தில் படித்தபோது, தலைப்புக்குப் பஞ்சமா என்று நினைத்தேன். இப்போது புரிகிறது. மேலதிகாரி பேனா மூடியைத் திருகுகிற விதத்திலிருந்தே லீவு கிடைக்குமா கிடைக்காதா என்று சொல்லிவிடுவேன். 71இல் நான் டிஸ்டிங்ஷன். 110இல் 22 வருஷமாக அரியர்.

இன்னொரு விஷயத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் 'எதுனாலும் சரி' வெளியிலும் ஓடும். குடியிருப்போர் சங்கத்தில் செயலாளர் பதவிக்கு ஆள் இல்லை, நீங்கள் இருக்கிறீர்களா என்றார்கள். மூன்று வருஷமாக யார் வீட்டுச் சாக்கடை அடைத்தாலும் என் செல்போன் அடிக்கிறது. சகலை, "ஒரு வாரத்துக்கு" என்று வாங்கிப்போன ஸ்கூட்டருக்கு அவரே இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கிற அளவுக்கு அது அவருடையதாகிவிட்டது. அலுவலகக் கவுன்ட்டரில் காலை பத்திலிருந்து ஐந்து வரை சிரித்த முகம். விமானப் பணிப்பெண்களை வைத்து ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983இல் எழுதிய புத்தகத்தில், சம்பளத்துக்காக முகத்தில் உணர்ச்சியை வரவழைப்பதும் உழைப்புதான் என்று நிறுவியிருக்கிறார். நான் அந்த உழைப்பாளி வர்க்கத்தைச் சேர்ந்தவன். ஐந்தரைக்கு வீடு திரும்பும்போது சிரிப்பு ஸ்டாக் தீர்ந்திருக்கும். வாசலில் வரவேற்பவர்களுக்குக் கிடைப்பது மிச்சமிருக்கிற அந்த 'ம்'.

அடுத்தவர் தேவை, நம் தேவை, இரண்டுக்கும் எப்படித் தராசு பிடிப்பது என்று அந்த இளைஞரிடமே கேட்டேன். விமானத்தில் சொல்வார்களே, ஆக்சிஜன் முகமூடியை முதலில் நீங்கள் போட்டுக்கொண்டு பிறகு பக்கத்தில் இருப்பவருக்கு உதவுங்கள் என்று, அதுதான் விடை என்றார். நாங்கள் ஒரே ஒரு தடவை குடும்பத்தோடு சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் போயிருக்கிறோம். ஜன்னல் சீட் யாருக்கு என்று பேச்சு வந்தபோது நான் "எதுனாலும் சரி" என்று சொல்லி நடுவில் உட்கார்ந்தேன். எனக்கு 49 வயதுவரை மேகத்தை மேலிருந்து பார்க்கக் கொடுத்துவைத்ததில்லை. விந்திய மலை வரைக்கும் மகளின் தோளில் என் தாடையை ஊன்றிக்கொண்டு வந்தேன். "அப்பா, நீங்களே இங்க உக்காருங்களேன்" என்று கெஞ்சினாள். "இல்லம்மா, நீ பாரு. எனக்கென்ன" என்று பெருமூச்சு விட்டேன். மூச்சு அவள் காதில் பட்டது. அவள் ஜன்னலையே சாத்திவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வழக்கமான சட்னிக் கேள்வி. வழக்கமான பதில். மனைவி நிமிராமலே மகளிடம், "தக்காளி எத்தனை இருக்குன்னு பாரு" என்றாள்.

"எதுனாலும் சரின்னுதானே சொன்னேன்? தக்காளின்னு எப்படி முடிவு பண்ணின?"

"வேகமாச் சொன்னா தேங்காய்ச் சட்னி. இழுத்துச் சொன்னா தக்காளி, காரமா. பேப்பரை மடிச்சு வெச்சுட்டுச் சொன்னா தோசையே வேண்டாம், வெளிய போய்ச் சாப்பிடலாம்னு அர்த்தம்."

"கண்ணாடியைக் கழட்டிட்டுச் சொன்னா ஸ்கூட்டர் சித்தப்பா போன் பண்ணியிருக்காருன்னு அர்த்தம்" என்றாள் மகள்.

"சின்னதுலேர்ந்தே அப்படித்தான். மூக்கு நுனி சிவந்தா பணியாரம் வேணும்" என்றாள் அம்மா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டெஸ்பாட்ச் கிளார்க் பயந்த நுண்ணறிவுப் பிரிவு எங்கள் அடுக்களையில்தான் இயங்கிக்கொண்டிருக்கிறது. 22 வருஷக் கோப்பு பராமரித்திருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "பாத்தியா, நான் ஒண்ணுமே கேக்காம எவ்வளவு அனுசரிச்சு..." என்று ஆரம்பித்தேன்.

மனைவி கத்தியை வைத்தாள். "நீங்க ஒண்ணும் கேக்க மாட்டீங்க. கேக்காதது என்னன்னு கண்டுபிடிக்கிறது எங்க மூணு பேருக்கும் வேலை. கண்டுபிடிச்சுட்டா நீங்க நல்லவர். தப்பாப் போச்சுன்னா ஒரு 'ம்'. வேணும்னு வாயத் தொறந்து கேக்கற மனுஷன்கிட்ட இல்லன்னாவது சொல்லலாம். உங்ககிட்ட அதுக்கும் வழியில்ல." வெங்காயத்தால்தானா என்று தெரியவில்லை, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். 110ஆவது அதிகாரத்தில் இதற்கு என்ன குறிப்பு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். கல்யாணத்தன்று மேடையில்கூட இவ்வளவு படபடப்பு இல்லை.

"எனக்குத் தக்காளிச் சட்னி வேணும்" என்றேன். "பூண்டு நிறையப் போட்டு. அப்புறம் ஹாலுக்கு அடுத்த தடவை சந்தனக் கலர்."

மகன் ஹெட்போனைக் கழற்றினான். அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். மனைவி மட்டும் அசரவில்லை.

"கலரை அப்புறம் பாப்போம். தக்காளி ஒண்ணுதான் இருக்கு. போய் வாங்கிட்டு வாங்க."

கேட்டால் இப்படித்தான் ஆகும் என்பது தெரிந்திருந்தும் எனக்கு உற்சாகமாகவே இருந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். படியிறங்குவதற்குள், கதவு திறந்துவிட்டது தெரிந்து, எல்லாத் தேவைகளும் பின்னாலேயே ஓடி வந்தன. அம்மாவுக்கு வெற்றிலை, மகளுக்கு ஷாம்பூ, மகனுக்கு கிராஃப் நோட்டு. மனைவி மாடியிலிருந்து எட்டிப்பார்த்து, "எனக்குக் கடலை மிட்டாய்" என்றாள். 22 வருஷத்தில் அவளுக்குக் கடலை மிட்டாய் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாது.

தெருமுனைக் கடையில் கூட்டம் இல்லை. அண்ணாச்சி தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தக்காளி அரைக் கிலோ" என்றேன், ஒரு சிங்கத்தைப் போல.

"நாட்டுத் தக்காளியா, பெங்களூர்த் தக்காளியா சார்?"

"எதுனாலும் சரி."

அண்ணாச்சி தட்டைக் கீழே வைத்தார். என் முகத்தை ஒரு கணம் பார்த்தார்.

"வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுருங்க சார்" என்றார்.